கையெழுத்தும் தலையெழுத்தும்

கைரேகை சோதிடனை நம்மிற் பலர் வாசலோடு அனுப்பிவிடுகின்றோம். அவனே கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, "உம் மகனின் கையெழுத்தைக் காட்டும், அவன் திருடனா, யோக்கியனா என்று விஞ்ஞானப்படி கூறுகிறேன்" என்று வந்தால், நாற்காலியிட்டு அமர்த்துகின்றோம்! குற்றஞ்செய்த சிறுவரின் குணத்தை அவர்தம் கையெழுத்தில் காணலாம் என்னும் வாதம் இவ்வகைத்தே.

இதற்குப் பிரெஞ்சுப் பாதிரியார் மிஷோன் 1870களில் பெயர் சூட்டினார். 1895இல் இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். மண்டையையும் தாடையையும் அளந்து பிறவிக் குற்றவாளியைக் காட்டுவேன் என்று 1876இல் புறப்பட்டவரும் இவரே. மண்டையளவை உலகம் குப்பையில் எறிந்துவிட்டது. அதன் உடன்பிறப்பு மட்டும் எங்ஙனமோ பிழைத்துக் கிடக்கின்றது.

இவர்கள் காட்டும் குறிகள் யாவை? ஆங்கில 'டி'யின் குறுக்குக்கோடு, 'ஐ'யின் மேற்புள்ளி, எழுத்தின் சாய்வு. தமிழில் அக்குறுக்குக்கோட்டுக்கு எங்கே போவது? தலைமேற் புள்ளி மெய்யெழுத்தின் இலக்கணமேயன்றி எழுதுவோனின் மனநிலை அன்று. சுழியாமல் 'இ'கரம் எழுதவல்லார் உளரோ? ஆங்கிலப் பள்ளியில் எம் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் ஒரே சாய்வில் எழுதப் பழக்கினார். அத்தனை பேரும் ஒரே குணத்தினரோ? செக்ரோல் எழுதும் எமது கையே மாதத் தொடக்கத்தில் முத்து முத்தாய் எழுதும். சம்பளக் கணக்கு முடிக்கும் இரவிலோ கோழி கிளறியதுபோல் எழுதும். எமது ஒழுக்கம் மாதந்தோறும் கெட்டுத் திருந்துகின்றது போலும்!

1989இல் நெட்டர், பென்-ஷக்கார் என்னும் உளவியலார் இருவர் 17 ஆய்வுகளைத் திரட்டினர். அவற்றில் 63 கையெழுத்து நிபுணரும் அக்கலை அறியாத 51 பேரும் 1,223 தாள்களைப் பார்த்து, எழுதியவர் வேலையில் எப்படி விளங்குவார் என்று மதிப்பிட்டிருந்தனர். நிபுணர் மற்றவரை விஞ்சவில்லை. எழுதியவர் தம் வரலாற்றைக் கூறாத தாள்களில் அவர்கள் கணிப்பு ஏறக்குறையப் பூச்சியமே. வேலைக்கே உதவாத அளவுகோல் சிறுவனின் விடுதலைக்கு உதவுமோ?

ரெங்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிள் திருட்டில் அகப்பட்டான் என்று கொள்வோம். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, நீதிமன்றம் முடிவுகூறுமுன் நன்னடத்தை அறிக்கையைப் பார்த்தல் வேண்டும். அவன் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, நோய் வரலாறு ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். எழுத்தின் சாய்வைச் சட்டம் கேட்கவில்லை. அவன் வீட்டுக்குச் செல்வதும் மலாக்கா தெலுக் மாஸிலுள்ள ஹென்றி கர்னி பள்ளிக்குச் செல்வதும் அவ்வறிக்கையைச் சார்ந்தே நிற்கக்கூடும். அங்கே "குற்ற மனப்பான்மையுள்ள கையெழுத்து" என்று ஒரு வரி நுழைந்தால், அவன் எதைச் சொல்லி மறுப்பான்?

குறியிட்டு மனிதரைக் குற்றவாளியாக்கும் கொடுமை தமிழருக்குப் புதிதன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். ரேகை பதிய மறுத்தவர்மேல் 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கி பாய்ந்தது. அன்று பிறப்பைக் கண்டு குற்றஞ் சுமத்தினர்; இன்று பேனாவின் கோட்டைக் கண்டு சுமத்த வருகின்றனர்.

பெற்றோரே! நன்னடத்தை அதிகாரி வரும்போது பள்ளிப் பதிவையும் கிளினிக் அட்டையையும் எடுத்து வையுங்கள். பையனை நன்கறிந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லுங்கள். கையெழுத்துச் சோதிடனுக்கு அவன் நோட்டுப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள்.