கோட்டால் ஒரு கோடு

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், பென்ஷன்காரனுக்கு உரிய சகல சாவகாசத்தோடும் நான் சாய்வு நாற்காலியில் கிடந்தபோது, தம்பி மகள் டெலிபோனில் அழைத்து, கம்ப்யூட்டருக்கு வார்த்தைகளால் கட்டளையிட்டே சித்திரம் வரைகிற ஒரு கூட்டத்தார் உலகெங்கும் இருக்கிறார்கள் என்றும், நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களிலெல்லாம் படம் கிறுக்கியே பள்ளிக்கூட நாட்களைக் கழித்த நான் அவர்களோடு சேர்ந்துவிட்டால் பொழுது போவதே தெரியாது என்றும் சொன்னாள். அந்தக் கட்டளைகளுக்குக் ‘கோடு’ என்று பெயராம். தமிழில் எழுதும்போது இங்கிலீஷ்காரர் கோடும் நம்முடைய கோடும் ஒன்றாகிவிடுகின்றன. எது எந்தக் கோடு என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாடப் புத்தகம் ஒன்று வாங்கி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதாக நான் சொன்னேன். “ஐயோ பெரியப்பா, புஸ்தகமெல்லாம் வேண்டாம். யாராவது எழுதி வச்சதை எடுத்து, அதுல ஒரு நம்பரை மாத்துங்க. என்ன ஆகுதுன்னு பாருங்க, அவ்வளவுதான்” என்றாள். பிறர் எழுதியதை எடுத்துக்கொள்வதற்கு நான் அறிந்தவரையில் வேறு பெயர் உண்டு; நாற்பது வருஷம் பத்திரிகைத் தொழிலில் உழன்றவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தாரின் சம்பிரதாயமே தனி. படத்தைப் பார்வைக்கு வைக்கும்போதே அதை வரைந்த கோட்டையும் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். பரிமாறுகிற சமையற்காரர் கைப்பக்குவத்தையும் எழுதி இலையோரத்தில் வைப்பதற்கு ஒப்பான தாராளம் அது. எடுத்தவர் செய்யவேண்டிய மரியாதை, யாரிடமிருந்து எடுத்தோம் என்று ஒரு வரி எழுதுவது மட்டுமே.

இவர்களில் பலர் கையாளும் கருவிக்குப் புரொசெஸிங் என்று பெயர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மீடியா லேபில் ஜான் மயேடாவிடம் மாணாக்கர்களாக இருந்த கேஸி ரீஸ், பென் ஃப்ரை என்னும் இருவர் 2001-இல் அதைத் தொடங்கினார்கள். லாரன் மெக்கார்த்தி என்ற அம்மையார் 2013-இல் அதன் வழியிலேயே, பிரவுசரில் ஓடும்படி பி5 என்ற வடிவத்தை உண்டாக்கினார். இவற்றில் எழுதும் புரோகிராமை யாரும் புரோகிராம் என்று சொல்வதில்லை, ‘ஸ்கெட்ச்’ என்கிறார்கள். கிறுக்கலில் தப்பு இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம் எனக்கு அந்த ஒரு வார்த்தையிலிருந்தே பிறந்தது.

புதிதாக வருகிறவர்கள் கையைப் பழக்கிக்கொள்வதற்காகத் திரும்பத் திரும்ப வரைந்து பார்க்கும் படங்களில் ஒன்றையே நானும் தேர்ந்தெடுத்தேன். ஜெர்மனியில் ஸீமென்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவரும், 1965-ஆம் ஆண்டிலேயே ஸ்டுட்கார்ட் நகரில் கம்ப்யூட்டர் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தவருமான கேயார்க் நேஸ், 1968 வாக்கில் வரைந்த ‘ஷாட்டர்’ என்னும் படம் அது. ஷாட்டர் என்றால் ஜல்லி. குறுக்கே 12, நெடுக 22, ஆக 264 சதுரங்கள். உச்சியில் பிரார்த்தனைக் கூட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள்போல் அவை ஒழுங்காக நிற்கின்றன; இறங்க இறங்க ஒவ்வொன்றும் சற்றே சாய்ந்து, சற்றே விலகி, அடிவரிசைக்கு வரும்போது லாரியிலிருந்து கொட்டிய ஜல்லியேதான். எந்தச் சதுரம் எவ்வளவு சாயும் என்பதை நேஸ் தீர்மானிக்கவில்லை. அதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கிறது. வரிசைக்கு வரிசை அந்தச் சீட்டின் எல்லையைப் பெருக்கிக்கொண்டே போனதுதான் அவர் செய்த காரியம். இத்தனை சொற்பமான சூத்திரத்திலிருந்து இத்தனை துக்ககரமான ஒரு படம் எப்படி வந்தது என்று எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

முன்பின் அறியாத ஒருவர் எழுதிவைத்திருந்த சதுரக் கட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதைச் சாய்க்கப் பிரயத்தனப்பட்டேன். 45 பாகை சாயட்டும் என்று 45 என எழுதினால், அந்தக் கருவி பாகையில் அல்லாமல் ரேடியனில் கணக்கிடுகிறது என்பதை அறியாத குற்றத்துக்காக, சதுரம் ஏழு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு ஏறத்தாழ 58 பாகையில் போய் நின்றது. அதைச் சரிசெய்தால், சதுரங்கள் தத்தம் மையத்தில் திரும்பாமல் திரையின் இடது மேல் மூலையைப் பற்றிக்கொண்டு சுழன்று, பாதிக்குமேல் திரையை விட்டே ஓடிப்போயின. அதையும் ஒருவாறு சமாளித்தபின் வந்ததுதான் விநோதம். திரை வினாடிக்கு 60 தடவை புதிதாக வரையப்படுவதும், ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டுப் போடப்படுவதும் அப்பொழுதுதான் எனக்கு விளங்கின. படம் நிற்கவேயில்லை, அடிவரிசைகள் காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகாய்த் துள்ளின, மேல்வரிசைகூட இம்மி அதிர்ந்தது. ‘நோ லூப்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அடங்கிவிடுமாம். எனக்கோ அதை அடக்க மனம் வரவில்லை; துள்ளுகிற ஜல்லியை அப்படியே பார்வைக்கு வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

விடிந்து பார்த்தால், யாரோ ஒருவர் அதை எடுத்து, என்னிடமிருந்து எடுத்ததாக ஒரு வரியும் எழுதி, வேறொன்று செய்துவைத்திருந்தார். ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற எண்களைத் தரும் என்னுடைய குலுக்கலை நீக்கிவிட்டு, முன் எண்ணிலிருந்து அடுத்த எண் வழுக்கிக்கொண்டு வருமாறு செய்கிற ‘நாய்ஸ்’ என்னும் உபாயத்தை அங்கே பொருத்தியிருந்தார். அது கென் பெர்லின் என்பவர், 1982-இல் வெளிவந்த ‘டிரான்’ என்ற சினிமாவில் வேலை பார்த்தபின், கம்ப்யூட்டர் படங்களின் யந்திரத்தனம் பொறுக்காமல் கண்டுபிடித்தது. அதற்காக அவருக்கு ஆஸ்கார் அகாடமியின் தொழில்நுட்பப் பரிசும் கிடைத்தது. என்னுடைய கடுகெல்லாம் இப்போது குளத்தடியில் பாசி அசைவதுபோல் அசைந்துகொண்டிருந்தன.

பெருமை தாளாமல் தம்பி மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிறிது நேரம் பேச்சில்லை, அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். “பெரியப்பா, 22 வரிசைன்னு சொன்னீங்க. 21 தானே இருக்கு?” என்றாள். கம்ப்யூட்டர் சைபரிலிருந்து எண்ணும் வழக்கமுடையது. நான் ஒன்றிலிருந்து தொடங்கி, 22-க்குக் குறைவாக இருக்கும்வரை வரைக என்று எழுதியிருக்கிறேன். விட்டுப்போனது முதல் வரிசை, அதாவது கோணல் என்பதே இல்லாத ஒரே வரிசை. ஏடு பெயர்த்து எழுதியவர்களின் கைப்பிழை பாடபேதமாகி நின்ற கதைகளை நினைத்துக்கொண்டே, அந்த முகமறியாத மனிதருடைய பிரதியை எண்ணிப் பார்த்தேன்; 21. அதற்குள் மூன்றாமவர் ஒருவர் அவரிடமிருந்து எடுத்து நீலமும் காவியும் பூசி வைத்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையும் எண்ணினேன். 21.