அணுவை வரைந்தால் போதுமா?

அணு என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒரே படம்தான்: நடுவில் ஓர் உருண்டை, அதைச் சுற்றி வட்டமிடும் எலக்ட்ரான்கள். இயற்பியல் அந்தப் படத்தைக் கைவிட்டு ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர் என்று மூன்று மாதிரிகளையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடும் மாணவருக்கு, ஒன்று ஏன் போய் மற்றொன்று வந்தது என்பது கடைசிவரை தெரிவதில்லை.

தாம்சன் மாதிரியை ஏதோ அறியாமையில் விளைந்த பிழைபோலவே சொல்லித் தருகிறோம். அது நியாயமல்ல. 1897-இல் கேம்பிரிட்ஜில் எலக்ட்ரானைக் கண்டறிந்தவரே அவர்தான். அணுவுக்குள் எதிர்மின் துகள்கள் இருக்கின்றன, அணுவோ மின்சுமையற்றது. அப்படியானால் ஈடுகட்டும் நேர்மின்சுமை எங்கே? அணு முழுக்கப் பரவியிருக்கிறது என்றார் அவர். அன்று கையிலிருந்த சான்றுகளுக்கு அது பொருத்தமான விடை.

1904-இல் ஜப்பானிய இயற்பியலாளர் நாகவோகா வேறொரு படம் வரைந்தார். நடுவில் கனத்த நேர்மின் கோளம். சனிக்கோளின் வளையம்போல் சுற்றிலும் எலக்ட்ரான்கள். இன்றைய பார்வைக்கு இதுவே உண்மைக்கு நெருக்கமாகத் தோன்றும். ஆனாலும் அது நிலைபெறவில்லை. ரூதர்ஃபோர்டு தம் 1911 கட்டுரையில் நாகவோகாவைக் குறிப்பிடவே செய்கிறார். இருவருக்கும் வேறுபாடு, ரூதர்ஃபோர்டின் கையில் சோதனை முடிவுகள் இருந்தன என்பதுதான்.

அந்தச் சோதனை மான்செஸ்டரில் 1909-இல் நடந்தது. செய்தவர்கள் ஹான்ஸ் கைகரும், இன்னும் பட்டப்படிப்பைக்கூட முடித்திராத எர்னஸ்ட் மார்ஸ்டனும். ஆல்ஃபா துகள் பட்டால் துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் மங்கலான ஒரு பொட்டு ஒளிரும். அதைப் பார்க்க, இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்து, நுண்ணோக்கி வழியாக ஒவ்வொரு மினுக்கலாக எண்ண வேண்டும். திரையை, துகள்கள் மோதும் உலோகத் தகட்டுக்குப் பின்னால் வைக்காமல், அவை கிளம்பும் பக்கத்திலேயே வைத்தார் மார்ஸ்டன். நேராக எதுவும் வந்து விழாதபடி இடையில் ஓர் ஈயத் தடுப்பு. தாம்சன் சொன்னபடி மின்சுமை பரவியிருந்தால் அங்கே பார்க்க எதுவும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் மினுக்கல்கள் தெரிந்தன. பிளாட்டினத்தில் பட்ட துகள்களில் ஏறத்தாழ எட்டாயிரத்துக்கு ஒன்று திரும்பி வந்தது.

இதன் பொருளைக் கண்டுகொள்ள ரூதர்ஃபோர்டுக்கே ஏறக்குறைய இரண்டாண்டு பிடித்தது. அணுவின் மின்சுமை மிகச் சிறிய ஒரு நடுப்பகுதியில் குவிந்திருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். எந்தக் கோணத்தில் எத்தனை துகள் சிதறும் என்பதற்கு ஒரு சூத்திரமும் தந்தார். 1913-இல் கைகரும் மார்ஸ்டனும் 5 பாகையிலிருந்து 150 பாகைவரை எண்ணிப் பார்த்தார்கள். இந்த இடைவெளியில் மினுக்கல்களின் எண்ணிக்கை சுமார் இரண்டரை லட்சம் மடங்கு மாறுகிறது. சூத்திரம் அத்தனைக்கும் ஈடுகொடுத்தது.

ஆனாலும் ரூதர்ஃபோர்டின் அணு நிலைத்திருக்க வழியில்லை. சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து, நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குகூட ஆகாமல் கருவில் விழுந்திருக்க வேண்டும். சில சுற்றுப்பாதைகளுக்கு மட்டுமே அனுமதி என்று 1913-இல் போர் சொன்னதும், ஹைட்ரஜன் நிறமாலைக் கோடுகளுக்கு 1885-இல் பால்மர் கண்டிருந்த சூத்திரம் தானாக வந்து பொருந்தியது. இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்திலேயே அந்த மாதிரி தடுமாறியது. 1926-இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்தபின் சுற்றுப்பாதை என்ற எண்ணமே போயிற்று.

பாடத்திட்டம் பெரிது, இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் மூன்று படங்களை வரைந்து பாகம் குறிக்கச் செலவாகும் நேரமே இதற்குப் போதும். ‘தாம்சன் சொன்னது சரியென்றால் மார்ஸ்டன் என்ன பார்த்திருப்பார்?’ என்று வினாத்தாளில் ஒரு கேள்வி இடம்பெறட்டும். மேல்நிலை வகுப்பில் 1913 அட்டவணையையே மாணவர் கையில் கொடுக்கலாம். ஒவ்வொரு கோணத்துக்கும் உரிய எண்ணிக்கையை, அதன் பாதிக் கோணத்தின் சைன் மதிப்பின் நான்காம் அடுக்கால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரே விடை திரும்பத் திரும்ப வரும். அதற்கு ஒரு கால்குலேட்டரும் ஒரு பாடவேளையும் போதும்.