இரண்டாவது கார்ட் எதற்கு?

கண்டியில் செய்தியாளனாக இருந்த காலத்திலிருந்தே எனக்குப் பழக்கமான நண்பர் ஒருவர் திகனவில் கடை வைத்திருக்கிறார். சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார். "சேர், ஒருக்கா வீட்டுப் பக்கம் வந்து மகனுக்குப் புத்தி சொல்லுங்க. மாமா கட்டாரில இருந்து அனுப்பின காசு முழுக்கக் கம்பியூட்டருக்குள்ள போட்டுட்டான். இப்ப அதுக்குள்ள தண்ணி ஊத்தப் போறேண்டு நிக்கிறான்" என்றார்.

கணினிக்குள் தண்ணீரா என்று நானும் திகைத்தேன். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். புத்தி சொல்லப் போவதற்கு முன்னர் விடயத்தைக் கற்றுக்கொள்வது நல்லது என்று ஒரு வாரம் படித்தேன். படித்ததையும் பார்த்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தப் பதிவு. இதே வழக்கு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில், விக்டோரியா அணைக்குச் சில கிலோமீற்றர் முன்னதாக உள்ளது திகன. பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்து எழுந்த அந்த அணை 122 மீற்றர் உயரமானது. 1985இல் திறந்து வைக்கப்பட்டது. மின்னுற்பத்தித் திறன் 210 மெகாவொட். வெளிநாட்டு வாசகர்களில் பலர் திகன என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டது 2018 மார்ச்சில்தான் இருக்கும். முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது, சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. என் நண்பரின் கடையும் அன்று தப்பவில்லை. கடன்பட்டுத் திரும்பக் கட்டினார். ஆகவே அவர் ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிப் பார்ப்பதைக் கஞ்சத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அன்று பதின்மூன்று வயதாக இருந்த மகனுக்கு இன்று இருபது. மேசையில் இரண்டு கிராபிக்ஸ் கார்ட்கள் கிடந்தன. இரண்டும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090, பழையவை. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டபோது, அதை 'அகழ்ந்து' எடுக்கப் பயன்பட்ட கார்ட்கள் உலகெங்கும் வேலையிழந்து பழைய பொருட் சந்தைக்கு வந்தன. அந்த வெள்ளத்தில் மிதந்து வந்தவைதான் இவையும்.

"ஒரு கார்ட் போதாதா தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டும் சேர்ந்தா கேம் ரெண்டு மடங்கு வேகமா ஓடும் அங்கிள்" என்றான்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1998இல் 3டிஎப்எக்ஸ் நிறுவனம் இரண்டு வூடூ 2 கார்ட்களை இணைத்து, திரையின் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கிட்டு வரையச் செய்தது. 2004இல் என்விடியாவும் அடுத்த ஆண்டு ஏடிஐ நிறுவனமும் அந்த எண்ணத்தைப் புதிய வடிவில் கொண்டுவந்தன. ஒரு படத்தை ஒரு கார்ட், அடுத்த படத்தை மற்றக் கார்ட் என்று மாறி மாறி வரையும் முறையே பெரிதும் கையாளப்பட்டது. ஒரே தாளத்தில் படங்கள் வராவிட்டால் எண்ணிக்கை கூடியிருந்தும் கண்ணுக்கு விக்கல் தெரியும். இரண்டு கார்ட்களின் நினைவகமும் கூடிவிடாது. ஒரே பொருளை இரண்டும் தனித்தனியே சுமக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விளையாட்டை எழுதுபவர்கள் இதற்கென்று தனியாக உழைக்க வேண்டும். இரண்டு கார்ட் வைத்திருக்கும் சிலருக்காக அந்த உழைப்பைச் செய்ய அவர்களுக்கு மனமில்லை.

2020இல் 3090 வெளிவந்தபோது, அந்த வரிசையில் அது ஒன்றில் மாத்திரமே இணைக்கும் வாய் இருந்தது. பழைய கார்ட்களுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இணைப்பு அமைப்புகளை எழுதுவதை 2021 முதல் நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. 2022இல் வந்த அடுத்த வரிசையில் அந்த வாயே இல்லை. விளையாட்டுக்கு இரட்டைக் கார்ட் என்ற கதை அத்தோடு முடிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்கோடு இரண்டு கார்ட் இருக்கும் படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஒவ்வொரு 3090 கார்டும் 350 வொட் வரை மின்சாரம் குடிக்கும். அத்தனையும் வெப்பமாக வெளியேற வேண்டும். நெருங்கிய இரண்டு கார்ட்களில் ஒன்றின் சூட்டை மற்றது மூச்சாக இழுக்கிறது. இதற்குத் தண்ணீர் உண்மையிலேயே நல்ல வைத்தியம். சிப்பின் மேல் செப்புத் தகடு, அதற்குள் ஓடும் நீர், நீரை நகர்த்தும் பம்பி, சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் ரேடியேட்டர் என்று மோட்டார் வாகனத்தில் இருப்பது போன்ற ஏற்பாடுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கார்ட்களும் செயலியும் சேர்ந்து 850 வொட் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓடும் நீர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 4 பாகை மாத்திரமே சூடேறும்.

ஆனால் பலர் மறப்பது ஒன்றுண்டு. நீர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அறை 30 பாகை என்றால் ரேடியேட்டர் அதற்குக் கீழே நீரைக் குளிர்விக்க முடியாது. கண்டி மலைநாடு என்றாலும் மகாவலிப் பள்ளத்தாக்கில் கிடக்கும் திகனவில் நுவரெலியாக் குளிரை எதிர்பார்க்க முடியாது. 850 வொட் சூடும் கடைசியில் அந்தச் சிறிய அறைக்குள்தான் வந்து சேரும்.

அந்தப் பையனின் கைவேலையைப் பார்த்தபோது என் பாதி எதிர்ப்பு கரைந்தது. கொழும்பில் ஒரு கடையில் செப்பு என்று சொல்லி விற்ற ரேடியேட்டரின் பாரத்தைக் கையில் பார்த்து ஐயப்பட்டு, மூலையைச் சுரண்டிப் பார்த்திருக்கிறான், அலுமினியம். செப்பும் அலுமினியமும் ஒரே நீரில் சந்தித்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டான். குழாய்த் தண்ணீரில் உப்புப் படியும் என்று காய்ச்சி வடித்த நீரும், பாசி பிடிக்காதிருக்க மருந்தும் வாங்கியிருந்தான்.

பின்னர் எல்லாவற்றையும் பூட்டி, பம்பிக்கு மாத்திரம் மின்சாரம் கொடுத்து, அடியில் வெள்ளைத் தாள் விரித்து, ஒரு நாள் முழுவதும் ஓட விட்டான். இரவில் ஒரு மூட்டின் கீழே தாள் நனைந்திருந்தது. கழற்றிப் பார்த்தால் இறப்பர் வளையம் முறுகியிருந்தது. பொறுமையிழந்து முதலிலேயே கார்ட்களுக்கு மின்சாரம் கொடுத்திருந்தால் மாமாவின் காசு தண்ணீரோடு போயிருக்கும். பொறுமையைக் கல்லூரியில் பாடமாக வைப்பதில்லை. இவன் மேசையடியில் விரித்த தாளில் அதைப் படித்திருக்கிறான்.

ஓட்டிப் பார்த்தபோது நான் படித்தது சரியாயிற்று. அவன் விரும்பிய புதிய விளையாட்டுகளில் இரண்டாவது கார்ட் சும்மா இருந்தது. முகம் வாடிவிட்டது. "வேறு வேலைக்கு இது உதவாதா?" என்று கேட்டேன். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் கட்டடங்களின் முப்பரிமாணப் படங்களை அவன் முன்பே வரைந்து பழகியிருந்தான். அதில் இரண்டு கார்ட்களும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன; ஒரு கார்ட் எடுத்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியில் படம் முடிந்தது. இன்று வீட்டிலேயே மொழி மாதிரிகளை இயக்க விரும்புவோரும், ஒரு கார்டின் 24 ஜிபி போதாமல் இரண்டைத் தேடுகிறார்கள். விளையாட்டு கைவிட்ட இரட்டைக் கார்டை வேலை எடுத்து வளர்க்கிறது.

நண்பரின் உண்மையான கவலை வேறு. "கரண்ட் பில்ல ஆரு கட்டுறது சேர்?" என்றார். நியாயமான கேள்வி. 850 வொட் நாளுக்கு 4 மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 102 அலகு. நம் நாட்டில் பாவனை கூடக் கூட அலகொன்றின் விலையும் ஏறும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்தோம். அதே ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்ததையும் மறந்துவிட முடியாது. விக்டோரியா அணை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத் திகனவுக்கு மின்சாரம் இலவசமாக வருவதில்லை.

என் தீர்ப்பு இது. விளையாட மாத்திரம் என்றால் ஒரு நல்ல கார்டும் காற்று விசிறியும் போதும். இரண்டாவது கார்டும் தண்ணீரும் வீண் செலவு. எந்தப் பையன் கேட்டாலும் பெற்றோர் தயங்காமல் மறுக்கலாம். ஆனால் அவன் தன் கையால் கட்டப் போகிறான், அதில் வேலையும் செய்யப் போகிறான் என்றால், மறுப்பதற்கு முன் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திகனவில் ஒரு தலைமுறை எரிந்த கடைகளைப் பார்த்து வளர்ந்தது. அதில் ஒருவன் ஏதாவது கட்ட விரும்பினால் அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

வாப்பாவுக்கும் மகனுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் செய்து வைத்தேன். 102 அலகுக்கான கூடுதல் பணத்தை இரண்டாவது கார்ட் உழைத்துக் கட்ட வேண்டும். மூன்று மாதம் கட்டத் தவறினால் அதை விற்றுவிட வேண்டும். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். முதல் மாதம் ஒரு வீட்டு வரைபடத்துக்குப் படம் செய்து கொடுத்துப் பாதியைக் கட்டியிருக்கிறான். மீதிப் பாதியை இம்முறை மட்டும் வாப்பா கட்டியிருக்கிறார்.