எஃகு மட்டும் போதாது

டீசல் இன்ஜினில் பிஸ்டன் உருகினால், அலுமினியத்தை விட்டுவிட்டு எஃகுக்கு மாறினால் தீர்ந்தது என்கிறார் நண்பர். எனக்கு அது ஒப்பவில்லை. சிலிண்டருக்குள் எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தொடும்; அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஆனாலும் அந்த பிஸ்டன் தாக்குப்பிடிக்கிறது, வாங்கிய சூட்டை ரிங்குகள் வழியே லைனருக்கும், கீழே எண்ணெய்க்கும் உடனுக்குடன் கடத்திவிடுவதால். எஃகு வலுவானதுதான். சூட்டைக் கடத்துவதில் அது அலுமினியக் கலவையில் பாதிகூடத் தேறாது. கீழிருந்து பீய்ச்சும் எண்ணெய் இல்லையென்றால் அதன் தலை கொதித்தே கிடக்கும்.

அலுமினிய பிஸ்டனின் தலைக்குள் அந்த எண்ணெய் ஓடும் வளையப் பாதையை எப்படி உண்டாக்குகிறார்கள் தெரியுமா? உப்பை அழுத்தி வளையமாக்கி, வார்ப்பு அச்சில் வைத்து, உருகிய அலுமினியத்தை ஊற்றுகிறார்கள். உப்பு உருக 801 டிகிரி வேண்டும். அதனால் அச்சில் அசையாமல் நிற்கும். ஆறியபின் தண்ணீரைச் செலுத்தினால் கரைந்து வெளியேறிவிடும். எத்தனை அழகான வேலை! இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கிய தமிழ்நாட்டில், இதைப் பேசாமல் உலோகத்தை மட்டும் பேசுவது வருத்தமளிக்கிறது.

பட்டறைகளில் சீஸான, அதாவது இறுகி நின்றுபோன, லாரி இன்ஜினைப் பிரிப்பவர்கள் முதலில் எண்ணெய் பீய்ச்சும் ஆயில் ஜெட்டைப் பாருங்கள். அது அடைத்திருந்தால், எந்த உலோகத்தில் புது பிஸ்டன் போட்டாலும் மறுபடி சீஸாகும்.