துக்காராம் படமும் ஜிஜாயியின் கோபமும்

ஆண்டுதோறும் ஆனி மாதத்தையொட்டித் தேகுவிலிருந்து துக்காராம் மகராஜின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்குப் புறப்பட்டு, நமது புனே வீதிகள் வழியே பண்டரிபுரம் நோக்கிச் செல்வதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அம்மகானின் வாழ்க்கையை இதே நகரில் படமாக்கினார்கள் என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

1933-ல் கோலாப்பூரிலிருந்து புனேக்கு இடம்பெயர்ந்த பிரபாத் கம்பெனியார் 1936-ல் வெளியிட்ட மராத்திப் படம் 'சந்த் துக்காராம்'. தாம்லேயும் பத்தேலாலும் இயக்கினர். நாடக மேடையில் பெண் வேடம் புனைந்து புகழ்பெற்ற விஷ்ணுபந்த் பாக்னிஸ் துக்காராமாகத் தோன்றினார். பம்பாயில் ஒரே கொட்டகையில் ஓராண்டுக்கு மேல் ஓடிய இப்படம், 1937-ல் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவிலும் பாராட்டுப் பெற்றது. பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் 1960-ல் தொடங்கப்பெற்ற திரைப்படக் கல்லூரி இன்றும் நடைபெறுகிறது.

உண்மைக் கதை என்று சொல்லும் பக்திப் படங்களில் எவ்வளவு உண்மை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதினேழாம் நூற்றாண்டில் தேகுவில் வாழ்ந்து, வணிகத்தில் நொடித்து, அபங்கங்கள் பாடிய துக்காராம் மெய்யானவர். ஆற்றில் அமிழ்த்திய பாடற்சுவடிகளை இந்திராயணி திருப்பித் தந்ததும், அவர் உடலோடு வைகுந்தம் சென்றதும் அடியார்கள் வழிவழியாகப் போற்றும் செய்திகள். படம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் காட்டுகிறது. வானில் விமானம் எழும் காட்சி இன்றைய கண்ணுக்குப் பொம்மை விளையாட்டாகவே படும்.

என் நெஞ்சில் நின்றவள் ஜிஜாயி. கணவனோ பஜனையில் ஆழ்ந்திருக்கிறான், வீட்டிலே அரிசியில்லை, பிள்ளை நோயுற்றுக் கிடக்கிறது. அவள் பாதரட்சையைக் கையிலெடுத்துக்கொண்டு விட்டலனிடமே சண்டைக்குப் போகிறாள்! கௌரி என்ற நடிகை அதை நடித்ததாகவே தோன்றவில்லை. பக்தனின் பெருமையை மட்டும் பாடி, அவனோடு பட்டினி கிடந்தவளை மறந்திருந்தால் அது பாதிக் கதையாகவே முடிந்திருக்கும். ஆற்றின் அற்புதத்தை நம்பாதவரும் அந்த அடுப்படியை நம்பியே தீரவேண்டும்.

பாட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. சாந்தாராம் ஆடவலே படத்துக்கென இயற்றிய ஒரு பாடலைத் துக்காராமின் அபங்கமே என்று கற்றவர்களும் கருதினராம். இதைக் குறையென்பதா, நிறையென்பதா? நான் நிறையென்றே கொள்வேன்.

நம் தமிழிலும் 1938-ல் 'துக்காராம்' வந்தது. சங்கீத வித்வான் முசிறி சுப்பிரமணிய ஐயர் நடித்த ஒரே படம் அது. அதன் சுருள் இன்று கிடைக்கவில்லை என்பது பெருங்குறையே. புனேயில் பிறந்த படமோ நல்லவேளையாக அழியாமல் இருக்கிறது. பாஷை புரியாதே என்று பெரியவர்கள் தயங்கவேண்டாம். இவ்வூர்ப் பள்ளியில் மராத்தி பயிலும் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டால், ஜிஜாயியின் ஏச்சுக்களை அவர்களே தமிழில் சொல்லித் தருவார்கள்.