பற்றவும் விடவும் அறிந்த பாதங்கள்

பிடித்ததை விடாதவனுக்கு உடும்புப் பிடி என்பது நம் வழக்கு. உடும்பு நகத்தால் பற்றுகிறது. வீட்டுப் பல்லியோ நகம் ஊன்ற இடமில்லாத கண்ணாடியிலும் ஓடுகிறது. ஒவ்வோர் அடியிலும் பற்றுகிறது. ஒவ்வோர் அடியிலும் விடுகிறது. ஒட்டும் பொருளை அதன் வலிமையால் மட்டும் மதிப்பிடுவது போதாது. வேண்டியபோது அது விடுமா என்பதையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இத்துறைக் கட்டுரை ஒன்றை முதன்முதல் மொழிபெயர்த்தபோது, பல்லி பசையினால் ஒட்டுகிறது என்று எழுதிவிட்டேன். அது பிழை. பல்லியின் விரலடியில் பசை இல்லை. மிக நுண்ணிய மயிர்களே உள்ளன. டோக்கே என்னும் ஆசியப் பெரும் பல்லியின் ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 லட்சம் மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. அக்கிளைகள் சுவரை மிக நெருங்குவதால், மூலக்கூறுகளுக்கிடையே இயல்பாக உள்ள வான்டர்வால்ஸ் கவர்ச்சி செயற்படுகிறது. அமெரிக்க விஞ்ஞானி கெல்லார் ஆட்டம் என்பவரும் அவர் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் ஒரு தனி மயிரின் பிடியை அளந்தனர். மயிர் பரப்புடன் ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் உயர்ந்தால் பிடி தானே விட்டுவிடுவதையும் கண்டனர். பல்லி அடியெடுக்குமுன் விரல்நுனியை மேல்நோக்கிச் சுருட்டுவது இதற்காகவே. இவ்வமைப்பைப் பின்பற்றிச் செய்யப்படுபவற்றை "அறிவுள்ள பசை" என மொழிபெயர்ப்பது பொருந்தாது. அறிவு பசையில் இல்லை, அமைப்பில் உள்ளது. "பற்றி விடும் பரப்பு" என்றால் மாணவருக்குப் பொருள் உடனே விளங்கும்.

ஆயினும் பல்லி ஒன்றே நமக்கு ஆசானாகாது. நனைந்த கண்ணாடியில் அதன் பிடி தளர்கிறது. பாலக்காட்டு எல்லையில் சித்தூரின் கீழ்ப்பகுதி வறண்டது. இடுக்கியில் மூணாறு பருவமழையில் ஊறுவது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மறையூரோ மழை மறைவுப் பகுதி. மழையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரற்காயத்தில் ஒட்டிய பிளாஸ்திரி நண்பகலுக்குள் நழுவிவிடுகிறது. உலர்ந்த ஊரில் அதே பிளாஸ்திரி, முதியவரின் மெல்லிய தோலிலிருந்து எடுக்கப்படும்போது தோலையும் உரித்துக்கொண்டு வருகிறது. ஒன்றில் பிடி போதவில்லை. மற்றொன்றில் விடத் தெரியவில்லை.

ஈரத்தில் பற்றும் வித்தையை மரத்தவளை அறிந்திருக்கிறது. அதன் விரல்மெத்தையில் அறுகோண வடிவச் செல்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றினிடையே நுண்ணிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. மிகுதியான நீர் அவற்றின் வழியே விலகுகிறது. எஞ்சும் மெல்லிய ஈரப்படலம் மெத்தையை இலையோடு இணைக்கிறது. அடியெடுக்கும்போது மெத்தை பின்புறமிருந்து உரிந்து எளிதில் விடுபடுகிறது.

இத்தகைய பாதங்களைக் கண்டு நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடந்துள்ளது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அபிஜித் மஜும்தார், அனிமாங்சு கட்டக், அசுதோஷ் சர்மா ஆகியோர், ரப்பர் போன்ற படலத்தின் உள்ளே காற்றோ எண்ணெயோ நிரம்பிய நுண்வாய்க்கால்களை அமைத்தனர். ஒட்டுந்திறன் ஏறத்தாழ 30 மடங்கு உயர்ந்தது. உரியத் தொடங்கும் பிளவு வாய்க்கால்களில் தடைப்பட்டு நிற்பது இதற்கு ஒரு காரணம். இம்முடிவு 2007-இல் "சயன்ஸ்" இதழில் வெளிவந்தது.

ஆய்வுக்கூடத்து வெற்றி தோட்டத்து மருந்தகத்தை அடைய வேண்டுமானால், அதனை மழையிலும் புழுதியிலும் சோதிக்க வேண்டும். எந்தப் பிளாஸ்திரி எந்தப் பருவத்தில் எத்தனை மணி நேரம் நின்றது, எடுக்கும்போது தோல் சிவந்ததா என்பவற்றைக் கள ஊழியர் ஒரு குறிப்பேட்டில் பதியலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை. மூணாற்றிலும் மறையூரிலும் ஒரே முறையில் எழுதப்பட்ட இரு குறிப்பேடுகள் ஆராய்ச்சியாளருக்குப் பெரிதும் பயன்படும்.

ஆசிரியர் இரு சிறு சோதனைகளைச் செய்து காட்டலாம். ஒட்டுநாடா ஒன்றை மேசையில் ஒட்டி, அதன் வழியே நீளவாட்டில் இழுத்தால் எளிதில் வராது. ஓரத்தைத் தூக்கி உரித்தால் உடனே வரும். கோணத்தின் ஆற்றலை இது விளக்கும். இரவில் சன்னல் கண்ணாடியின் மறுபுறம் ஊரும் பல்லியைப் பார்த்தால் விரல் சுருளும் விதம் தெரியும். பல்லியைப் பிடிக்க வேண்டுவதில்லை. பிடித்தால் வால்தான் கையில் மிஞ்சும்.

மரத்தவளைகள் பல நீர்க்குட்டையின் மேல் தாழ்ந்த கிளைகளில் நுரைக்கூடு கட்டி முட்டையிடுகின்றன. பயனற்ற இடமென்று குட்டையைத் தூர்த்துப் புதரை வெட்டும்போது, நாம் இன்னும் படித்து முடிக்காத ஒரு பாடத்தை அழிக்கிறோம். அதைத் தடுப்பது மாணவருக்கும் ஊழியருக்கும் இயன்ற பணியே.