ஒட்டடையை அடியுங்கள், ஓதத்தை மறைக்காதீர்கள்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். "வீட்டை விற்றுப் பார்" என்று சேர்த்துச் சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது! கட்டும்போதாவது கையில் இருக்கிற காசு கரைகிற கவலை ஒன்றுதான். விற்கும்போது காசுக் கவலையோடு மனக் கவலையும் சேர்ந்துகொள்கிறது.

எங்கள் தாம்பரம் பக்கத்தில் இப்போது எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு வீட்டிலாவது 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்குகிறது. சேலையூர், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர் எல்லா இடத்திலும் இதே கதைதான். மின்சார ரயிலை நம்பி அந்தக் காலத்தில் அரை கிரவுண்டும் ஒரு கிரவுண்டுமாக வாங்கிப் போட்டு, இந்த வருஷம் அறை, அடுத்த வருஷம் மாடிப்படி என்று சிறுகச் சிறுகக் கட்டியவர்கள் வயதாகிவிட்டார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். "நீங்க ரெண்டு பேரும் தனியா ஏன் இருக்கணும்? வித்துட்டு வந்துடுங்க" என்கிறார்கள். பத்திரம், தரகர், பேரம் எல்லாம் வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் ஒதுங்கினாலும், வருகிறவர்கள் முன்னால் வீட்டைக் காட்டுகிற வேலை நம் தலையில்தான் விடிகிறது. அதைப் பற்றித்தான் இந்த முறை பேசப் போகிறோம்.

விற்கப் போகும் வீட்டை அலங்கரித்துக் காட்டுவது அமெரிக்காவில் தனித் தொழிலாகவே இருக்கிறது. பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண் வீட்டுத் தரகர் 1970களில் இதைப் பிரபலப்படுத்தினார். நாடகத்துக்கு 'செட்' போடுகிற மாதிரி சோபா, திரைச்சீலை, பூச்சாடி எல்லாம் வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பார்களாம். நமக்கு அந்த ஆடம்பரம் வேண்டாம். துடைப்பம், வாளி, கொஞ்சம் எண்ணெய், நிறைய பொறுமை இருந்தால் போதும்.

யாருக்கு விற்கப் போகிறீர்கள்?

ஒரு பைசா செலவழிக்கும் முன்னால் இதை யோசியுங்கள். நம் பக்கத்தில் பழைய தனி வீடுகளைப் பலர் மனைக்காகத்தான் வாங்குகிறார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறவருக்கு உங்கள் சுவரின் வர்ணம் எதற்கு? அவர் பார்ப்பது தெருவின் அகலத்தையும் மனையின் அளவையும். அப்படிப்பட்டவருக்குக் கொடுப்பதாக இருந்தால் பெயின்ட் செலவு தண்டம். எல்லைக் கல் தெரிகிற மாதிரி செடி கொடிகளை வெட்டி, குப்பையை அகற்றினால் போதும்.

குடியிருக்க வருகிற குடும்பத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் கதை வேறு. அவர்கள் உங்கள் வீட்டைப் பார்க்க வரவில்லை, தங்கள் வீட்டைத் தேடி வருகிறார்கள். "இங்க அம்மாவுக்குக் கட்டில் போடலாம், இங்க பாப்பா படிக்கலாம்" என்று அந்தப் பெண்மணியின் மனசில் ஓட வேண்டும். அதற்கு இடம் விட்டுக் கொடுப்பதுதான் நம் வேலை.

அதற்காகப் பல ஆயிரம் கொட்டி சமையலறையைப் புதுப்பிக்காதீர்கள். வருகிறவர்களுக்குத் தங்கள் ருசி என்று ஒன்று இருக்கும். நீங்கள் ஆசையாகப் போட்டதை அவர்கள் மறு மாதமே பெயர்த்தாலும் பெயர்ப்பார்கள்.

வாசலிலிருந்து ஆரம்பியுங்கள்

கேட் கிறீச்சிடுகிறதா? கீலுக்கு நாலு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். அழைப்பு மணி அடிக்கிறதா, வாசல் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வாசலைத் தெளித்துச் சின்னதாக ஒரு கோலம் போடுங்கள். உள்ளே வருவதற்கு முன்னாலேயே "இது நன்றாக வைத்துக்கொள்கிற வீடு" என்ற எண்ணம் விழுந்துவிடும்.

அடுத்தது பரண். 'எப்பவாவது உதவும்' என்று நாம் சேர்த்து வைத்திருக்கும் டால்டா டப்பா, காலொடிந்த நாற்காலி, பிள்ளையின் பத்தாம் வகுப்புப் புத்தகம் எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். எப்படியும் வீடு மாறும்போது செய்யத்தானே போகிறீர்கள்? முன்கூட்டியே செய்தால் அறை பெரிதாகத் தெரியும். கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் சாமான் அடைந்திருந்தால், "வீட்டில் இடமே போதவில்லை போலிருக்கு" என்றுதான் தோன்றும்.

தரையைக் கவனியுங்கள். பழைய மொசைக் தரை இருந்தால் எலுமிச்சம்பழம், வினிகர், ஆசிட் எதுவும் படக்கூடாது. அதிலுள்ள சலவைக்கல் சில்லும் சிமென்ட்டும் அரித்துப் பளபளப்பு போய்விடும். மிதமான சோப்புத் தண்ணீரால் துடைத்து, உலர்ந்த துணியால் தேய்த்தாலே போதும். சிவப்புத் தரையாக இருந்தால் துணியில் ஓரிரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், முகம் தெரியும்! வழுக்காதபடி மேலே உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் குழாய்களில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதற்கு மட்டும் எலுமிச்சை மூடியைப் பயன்படுத்துங்கள்.

ஊதுவத்தியைக் கட்டுக் கட்டாக ஏற்றாதீர்கள். "எதையோ மறைக்கிறார்கள்" என்று சந்தேகம் வரும். ஜன்னலைத் திறந்து காற்றும் வெளிச்சமும் வர விடுங்கள். அதைவிட நல்ல வாசனை வீட்டுக்குக் கிடையாது.

ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கும் பெரியவர்கள் படத்தை எடுக்கச் சொன்னால் வீட்டில் வருத்தம் வரும். அவர் கட்டிய வீடு அல்லவா? எடுத்து ஒளித்து வைக்க வேண்டாம். பூஜை அறைக்கோ உங்கள் படுக்கை அறைக்கோ மாற்றுங்கள். "அப்பா சாமி பக்கத்துல இருக்கட்டும் அத்தை" என்று சொன்னால் எந்த மாமியாருக்கும் மனசு சமாதானமாகும்.

தண்ணீர்தான் முதல் கேள்வி

நம் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் உட்காரும் முன்பே கேட்பது, "தண்ணி எப்படிங்க? உப்பா, நல்ல தண்ணியா?" என்பதுதான். மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் முன்கூட்டியே கழுவி வையுங்கள். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். கேட்டால் ஒரு டம்ளர் பிடித்துக் கையில் கொடுங்கள். சித்திரை, வைகாசியில் கிணறோ போரோ எப்படி இருக்கும், லாரித் தண்ணீர் வாங்கியதுண்டா என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் தேடிக் கண்டுபிடியுங்கள்! 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது அவசரமாகக் கட்டியது, பல வீடுகளில் இலையும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. தூர் வாரி, கூழாங்கல்லைக் கழுவிப் போட்டால் செலவு அதிகமில்லை. காட்டுவதற்கும் பெருமையாக இருக்கும்.

மறைக்கக் கூடாதது எது?

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2015 டிசம்பர் 1-ம் தேதி கொட்டிய மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து புறநகரில் மறுபடியும் தண்ணீர் நின்றது. ஆகவே வீடு வாங்க வருகிற யாரும் "இங்க தண்ணி வந்துச்சா?" என்று கேட்காமல் போவதில்லை.

என் ஓர்ப்படிக்கு முடிச்சூர் பக்கம் வீடு. மகனோடு இருக்க முடிவு செய்து விற்கக் கிளம்பினார்கள். ஹாலுக்கும் அறைகளுக்கும் வெள்ளத்துக்குப் பிறகு பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஸ்டோர் ரூமை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். அங்கே மூன்றடி உயரத்தில் பழுப்பு நிறத்தில் கோடு, கீழே சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. பெயின்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு கோட்டு பட்டி போட்டு அடிச்சுட்டா ஒண்ணுமே தெரியாதும்மா. மழைக்கு முன்னாடி வித்துடுங்க" என்றார். தரகரும் அதையே சொன்னார். அப்போது நான் அங்கேதான் இருந்தேன். ஓர்ப்படி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கைக்குழந்தையோட ஒரு பொண்ணு வந்தா, அவகிட்ட நான் எப்படிம்மா சொல்லாம இருக்கறது? அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில நின்னவ நான்தானே?" என்றார்.

முதலில் வந்தவர்கள் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தரகருக்குக் கோபம். அடுத்து வந்தவர்களிடமும் ஓர்ப்படி எல்லாவற்றையும் சொன்னார். 2015-ல் தண்ணீர் எவ்வளவு வந்தது, 2023-ல் எந்தப் படி வரை நின்றது, பிறகு மோட்டார் சுவிட்சையும் மீட்டர் பெட்டியையும் எவ்வளவு உயர்த்தி மாட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்டார்கள். கொடுத்தது நினைத்த விலைக்குக் குறைவுதான். "போகட்டும்மா. மழை பெய்யும்போது நிம்மதியா தூங்குவேன் பாரு" என்றார் ஓர்ப்படி.

இது மனசாட்சி விஷயம் மட்டுமல்ல, சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-வது பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அந்தப் பிரிவு கூறுகிறது. பட்டி பூசி மறைத்த சுவர் அடுத்த மழையில் பல்லைக் காட்டினால் வழக்கு வரைக்கும் போகலாம்.

மறைக்க நினைத்தாலும் முடியுமா? வருகிறவர்கள் உங்கள் வீட்டு வாசலோடு போய்விடுவதில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் டீக்கடையிலும் விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். நீங்கள் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றாக இருந்தால், மற்றதையும் நம்புவார்கள்.

ஆக, கணக்கு இதுதான். அழுக்கைப் போக்குங்கள். சரி செய்யக்கூடியதைச் சரி செய்யுங்கள். மொட்டை மாடித் தட்டோட்டில் வெடிப்பு இருந்தால் முதலில் அதை அடைத்துவிட்டு, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள். சரி செய்ய முடியாததைச் சொல்லிவிடுங்கள்.

பத்திரப் பையும் ஓர் அலங்காரமே

வீடு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் காகிதம் சரியில்லை என்றால் வாங்க மாட்டார்கள். விற்பனைப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது, மின் கட்டண விவரம் எல்லாவற்றையும் ஒரே பையில் அடுக்குங்கள். வீடு மாமனார் பேரிலேயே இருந்து அவர் காலமாகியிருந்தால், வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். நாத்தனாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், பத்திரப் பதிவு அன்று மனஸ்தாபம் வராது. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனபோது பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் அதில் சேர்ந்துவிட்டன. பழைய நகராட்சி, பேரூராட்சி ரசீதுகளையும் தூக்கிப் போடாமல் சேர்த்தே வையுங்கள்.

சில சின்ன யோசனைகள்

* ஞாயிறு காலை 9 மணியிலிருந்து 12 மணிக்குள் வரச் சொல்லுங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் எமகண்டம், மாலை நாலரைக்கு மேல் ராகு காலம் என்று பலர் தயங்குவார்கள்.

* ஆடியிலும் மார்கழியிலும் யாரும் முன்பணம் கொடுக்க யோசிப்பார்கள். அந்த மாதங்களில் ஒட்டடை, பரண் வேலைகளை முடித்துவிட்டால் ஆவணிக்கும் தைக்கும் வீடு தயாராக இருக்கும்.

* வயதானவர்களை அழைத்து வந்தால் அவர்களுக்கு முதலில் நாற்காலி போடுங்கள். படியில் கைப்பிடி ஆடினால் முன்பே இறுக்கி வையுங்கள்.

* தனியாக இருக்கும்போது தெரியாதவர்களுக்கு வீட்டைக் காட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். நகை, பணம், மருந்து எல்லாம் பூட்டில் இருக்கட்டும்.

* அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஜெராக்ஸ் கொடுங்கள். அசலை உங்கள் எதிரில் பார்க்கட்டும்.

* தரகருக்கு எத்தனை சதவீதம் என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள்.

கடைசியாக ஒன்று. சாவியைக் கொடுக்கும் நாளில் வீட்டைப் பெருக்கி, விளக்கேற்றிவிட்டு வாருங்கள். எந்த குழாயைத் திருகினால் தோட்டத்துக்குத் தண்ணீர் போகும், எந்த ஜன்னல் மழைக்காலத்தில் இறுகும், பால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சமையல் மேடையில் வையுங்கள். புதிதாகக் குடிவரும் பெண்ணுக்கு அதைவிட நல்ல சீர் வேறென்ன இருக்கிறது?

அடுத்த இதழில் சந்திப்போம், சகோதரிகளே!